ஒரே கித்தானில் பிறந்ததல்ல கியூபிசம்

கியூபிசம் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் கலை வட்டாரத்தில் ஒரு கதை எப்போதும் தயாராக இருக்கிறது. ஆண்டு 1907. பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் பாத்தோ-லவ்வார் என்ற பழைய மரக்கட்டடம். அங்கே குடியிருந்த இருபத்தைந்து வயது பிக்காஸோ, அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து மிரண்டுபோய்த் திரும்பிவந்து, எட்டடிக்கு எட்டடி கித்தானில் ஐந்து பெண்களை வரைந்தார். ஐரோப்பிய ஓவிய மரபு அன்றோடு உடைந்தது, கியூபிசம் பிறந்தது. பிறகு ஜார்ஜ் பிராக் என்றொரு பிரெஞ்சுக்காரர் துணைக்கு வந்தார். மற்றவர்கள் காப்பியடித்தார்கள். சொல்பவர் கொஞ்சம் அறிவியலும் படித்தவர் என்றால் ஐன்ஸ்டைனையும் நான்காவது பரிமாணத்தையும் சேர்த்துக்கொள்வார்.

கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஒரு மேதை, ஒரு படம், ஓர் ஆண்டு என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்யவும் வசதி. நடந்ததோடு ஒப்பிட்டால் மட்டும் நிற்பதில்லை.

‘அவின்யோன் பெண்கள்’ என்று இன்று உலகம் அழைக்கும் அந்தப் படத்திலிருந்தே தொடங்குவோம். 1907 கோடையில் அதை முடித்த பிக்காஸோ யாருக்குக் காட்டினார்? தன் அறைக்கு வந்துபோகும் நண்பர்களுக்கும் ஓரிரு வியாபாரிகளுக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை. இந்தப் படத்துக்குப் பின்னால் ஒருநாள் பிக்காஸோ தூக்கில் தொங்குவதைப் பார்க்கப்போகிறோம் என்று ஓவியர் தெரேன் சொன்னதாக வியாபாரி கான்வைலர் எழுதியிருக்கிறார். 1910இல் ஓர் அமெரிக்கக் கட்டடக்கலைப் பத்திரிகையில் சின்னதாக ஒரு புகைப்படம் வந்ததைத் தவிர, வெளியுலகம் அதைப் பார்க்கவில்லை. முதன்முதலாகப் பொதுமக்கள் முன் அது மாட்டப்பட்டது 1916 ஜூலையில், கவிஞர் ஆந்த்ரே சல்மோன் ஏற்பாடு செய்த ஒரு கண்காட்சியில். இன்றைய பெயரைச் சூட்டியவரும் அவரே. 1924இல் ழாக் தூசே என்ற சேகரிப்பாளர் வாங்கும்வரை படம் ஓவியரிடமே கிடந்தது.

இந்த இடைவெளியில் என்னென்ன நடந்தன? கியூபிசம் பெயர் பெற்றது, பாரிஸை இரண்டாகப் பிளந்தது. 1912 டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, அரசுக் கட்டடத்தில் இந்தக் கூத்துக்கு இடம் தரலாமா என்று கேட்க, மார்செல் சம்பா என்ற சோசலிச உறுப்பினர் அதற்குப் பதில் சொன்னார். 1913இல் அது கடல் தாண்டி நியூயார்க் போய் அங்கேயும் பத்திரிகைகளின் கேலிக்கு ஆளானது. இத்தனையும் முடிந்த பிறகுதான் அதன் ‘மூலப்படம்’ சுவருக்கு வருகிறது. பேரன் கல்யாணத்துக்கு மறுநாள் வந்து, நான்தான் வீட்டுக்குப் பெரியவர் என்று சொல்லும் ஒருவரை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். கல்யாணத்தை நடத்தியவர் அவர் என்று மட்டும் எழுதிவிட முடியாது.

யாரும் பார்க்காவிட்டால் என்ன, ஓவியர்கள் பார்த்தார்களே, பிராக் பார்த்தாரே என்பது இதற்கு வரும் பதில். நியாயமான பதில்தான். 1907இன் பிற்பகுதியில் கவிஞர் அப்போலினேர் பிராக்கை அந்த அறைக்கு அழைத்துப்போனார். படம் அவரை உலுக்கியது உண்மை. அடுத்த மாதங்களில் அவர் வரைந்த ‘பெரிய நிர்வாணம்’ அந்த உலுக்கலுக்குச் சாட்சி. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலுக்கல் வேறு, தொடக்கம் வேறு. படத்தை நேரில் நிறுத்தி ஒரு கணம் பாருங்கள். இளஞ்சிவப்பும் நீலமுமாக ஐந்து உடல்கள். இடப்பக்கத்து மூவரின் முகம் பண்டைய ஐபீரியச் சிற்பங்களின் சாயல். வலப்பக்கத்து இருவரின் முகத்தில் பச்சையும் நீலமுமாகக் கோடுகள், காயம்போல. கீழே குந்தியிருப்பவளின் முதுகு நம் பக்கம், முகமும் நம் பக்கம். வெறியும் பயமும் காமமும் கலந்த படம். பிக்காஸோவே அதை ஒரு விபச்சார விடுதியாகத்தான் திட்டமிட்டார்.

இப்போது 1910ஆம் ஆண்டுக் கியூபிசப் படம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை. மேஜைமேல் ஒரு குவளை, ஒரு வயலின், புகைக்குழாய். சத்தமே இல்லை. எந்தப் பொருளும் நம்மை முறைக்கவில்லை. பொருள் எங்கே முடிகிறது, அதைச் சுற்றிய வெளி எங்கே தொடங்குகிறது என்ற ஒரே கேள்வியைப் பொறுமையாக, நூறு விதமாகக் கேட்கும் ஓவியம். ‘அவின்யோன் பெண்க’ளில் இந்தக் கேள்வியே இல்லை. அது மகத்தான படம். கியூபிசப் படம் அல்ல. கியூபிசத்தை ஏற்கெனவே அறிந்தவர்கள் பின்னோக்கிப் பார்த்து, வலப்பக்கத்து உருவங்களில் அதன் விதையைக் கண்டெடுத்தார்கள்.

கண்டெடுத்தவர்கள் யார் என்பதிலும் ரகசியம் இல்லை. கான்வைலர் 1920இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறுநூலில், அந்தப் படத்தின் வலப்பகுதியே கியூபிசத்தின் தொடக்கம் என்று எழுதினார். அடுத்தவர் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார். 1936இல் கியூபிசத்துக்கு ஒரு பெரும் கண்காட்சி எடுத்தவர் அவர். 1939இல் அந்த அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஒரு தெகா ஓவியத்தை விற்று ‘அவின்யோன் பெண்க’ளை வாங்கியது. முதல் கியூபிசப் படம் என்ற பட்டம் அதன்பின் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஒருவர் பிக்காஸோவை விற்ற வியாபாரி. இன்னொருவர் அந்தப் படத்தைக் கையில் வைத்திருந்த நிறுவனத்தின் தலைவர். இருவரும் நேர்மையான, கூர்மையான மனிதர்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். தன் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்திலிருந்து வரலாற்றைத் தொடங்குவது மனித இயல்பு, அவ்வளவே.

சரி, தொடக்கம் எங்கே? ஒரே இடத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 1907 அக்டோபரைச் சொல்வேன். முந்தைய ஆண்டு இறந்துபோன ஓவியர் செசானின் 56 படைப்புகள் அந்த மாதம் பாரிஸின் இலையுதிர்கால சலோன் என்ற ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. செசானின் மலைகளில் கிட்டத்துப் பாறைக்கும் தூரத்துச் சரிவுக்கும் நடுவே வேலி கிடையாது. ஒரு தளத்தின் விளிம்பு பாதியில் திறந்துகொண்டு அடுத்த தளத்துக்குள் வழிந்துவிடும். அவர் ஆப்பிள் வைத்த மேஜை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும், இடப்பக்க விளிம்பும் வலப்பக்க விளிம்பும் ஒரே நேர்கோட்டில் சேராது. அவர் விட்டுச்சென்ற சொத்து ஒரு தீர்வல்ல, ஒரு கணக்கு. அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, செசானே வரைந்த லெஸ்டாக் என்ற தெற்குக் கடலோர ஊருக்கு 1908 கோடையில் போனவர் பிராக்.

அங்கே அவர் வரைந்த ‘லெஸ்டாக் வீடுகள்’ இன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருக்கிறது. சிறிய படம், 73 சென்டிமீட்டர் உயரம், 60 அகலம். இடப்பக்கம் ஒரு மரம் சாய்ந்து மேலேறுகிறது. மீதி முழுக்க வீடுகள், மஞ்சள் காவி நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்று. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. வானமும் இல்லை, வீடுகள் மேல்விளிம்புவரை ஏறிவிடுகின்றன. நிழலைக் கவனியுங்கள். ஒரு வீட்டுக்கு வெயில் இடமிருந்து விழுகிறது, பக்கத்து வீட்டுக்கு வலமிருந்து. எந்தச் சூரியனும் இப்படி அடிக்காது. வீடுகள் தூரத்துக்குப் போகப்போகச் சிறுத்து நம்மை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக, கித்தானைவிட்டு நம் முகத்துக்கு முன்னால் வந்து அடுக்குகின்றன. கண்ணுக்குத் தெரிந்ததை வரையும் வேலையும் கித்தான் தட்டை என்பதை மறைக்காத நேர்மையும் ஒரே படத்தில் மோதிக்கொள்கின்றன. கியூபிசத்தின் முழுக் கேள்வியும் இதோ.

பிராக் இவற்றை 1908 இலையுதிர்கால சலோனுக்கு அனுப்பினார். நடுவர் குழு நிராகரித்தது. குழுவில் இருந்த ஓவியர் மத்தீஸ், சின்னச் சின்னக் கனசதுரங்கள் என்று கேலியாகச் சொன்னதாக விமர்சகர் லூயி வோசெல் பின்னாளில் குறித்தார். படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிராக், நவம்பரில் வீன்யோன் தெரு 28ஆம் எண்ணில் இருந்த கான்வைலரின் சின்னக் கடையில் மாட்டினார். அப்போலினேர் முன்னுரை எழுதினார். கண்காட்சியைப் பார்த்த வோசெல், இந்த ஆள் எல்லாவற்றையும் கனசதுரமாகக் குறுக்கிவிடுகிறார் என்று பத்திரிகையில் எழுதினார். இயக்கத்துக்குப் பெயர் வந்த வழி இது. கியூபிசத்தின் முதல் கண்காட்சி பிராக்குடையது. முதல் வசையும் அவருக்குக் கிடைத்ததே. துணைக்கு வந்தவர் என்று நம் பாடநூல்கள் எழுதும் அதே பிராக்.

அதே 1908இல் பிக்காஸோ வடக்கே லா ரூ தெ புவா என்ற கிராமத்தில் வீடுகளையும் மரங்களையும் ஏறக்குறைய இதே வழியில் அணுகிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். இருவரும் தனித்தனியாக ஒரே வாசலுக்கு வந்துசேர்ந்தார்கள், வழிகாட்டி செசான். அதன்பின் நடந்ததற்கு நவீன ஓவியத்தில் இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகள், இருவரும் பாரிஸில் இருந்த நாட்களில் பெரும்பாலும் தினமும் சந்தித்தார்கள். ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது முடிந்ததாகக் கணக்கு. 1911 கோடையில் ஸ்பெயின் எல்லையோரச் செரேயில் சேர்ந்து வேலை செய்தார்கள். கையெழுத்தைக் கித்தானின் முன்பக்கத்தில் போடுவதையே நிறுத்தினார்கள். அந்த ஆண்டுப் படங்கள் சிலவற்றில் யார் எதை வரைந்தது என்று நிபுணர்களே இரண்டு முறை பார்த்துத்தான் சொல்கிறார்கள். மலையேறும் இருவர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டதுபோல என்று பிராக் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தன் பெயரை அழித்துக்கொள்ள இருவர் இத்தனை பாடுபட்ட ஓர் இயக்கத்தை ஒற்றை மேதையின் பெயரில் பட்டா போட்டிருக்கிறோம்.

தொழில் என்ற அம்சத்தை மேதைக் கதை அடியோடு விழுங்கிவிடுகிறது. பிராக்கின் அப்பாவும் தாத்தாவும் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், அலங்கார வேலைக்காரர்கள். பிராக்கும் அதே தொழிலில்தான் பயிற்சி பெற்றார். சாதாரணச் சுவரைச் சலவைக்கல்போலக் காட்டுவது, மலிவு மரத்தில் ஈரப் பெயின்டின்மேல் இரும்புச் சீப்பை இழுத்துக் கருங்காலி வரி கொண்டுவருவது, கடைப் பலகைக்கு ஸ்டென்சிலில் எழுத்துப் பதிப்பது எல்லாம் அவர் கைக்கு வந்த வேலை. கலைப்பள்ளியில் இவற்றுக்கு மதிப்பில்லை. கியூபிசத்தைத் தூக்கி நிறுத்தியது இந்தக் கைவேலை.

பாசல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘வயலினும் கூஜாவும்’ படத்தில் எல்லாம் உடைந்து கிடக்கிறது. வயலினின் கழுத்து எங்கோ, உடல் எங்கோ. ஆனால் மேலே, சுவரில் அடித்த ஓர் ஆணி, நிழலோடு அச்சு அசலாக இருக்கிறது. பழைய மாயவித்தை எனக்குத் தெரியாமல் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன் என்று அந்த ஆணி சொல்கிறது. 1911இன் ‘போர்த்துக்கீசியர்’ படத்தில் ஸ்டென்சில் எழுத்துகள் வந்தன. எழுத்து தட்டையானது, அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. அதைக் கித்தானில் பதித்ததும் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் நழுவுகிறது. அடுத்து சீப்பு. பிராக்கிடம் அதைக் கற்றுக்கொண்ட பிக்காஸோ, 1912இல் ‘கவிஞர்’ படத்தில் மரத்துக்குப் பதிலாகத் தலைமுடிக்கும் மீசைக்கும் இழுத்தார். இதுதான் பிக்காஸோ! கருவி அடுத்தவருடையது, குறும்பு அவருடையது.

1912 செப்டம்பரில் இருவரும் சோர்க் என்ற ஊரில் தங்கியிருந்தார்கள். பக்கத்து அவின்யோன் நகரில் ஒரு கடையில் மரவரி அச்சிட்ட வால்பேப்பர் தொங்குவதைப் பிராக் பார்த்தார். பிக்காஸோ பாரிஸுக்குக் கிளம்பும்வரை காத்திருந்து, பிறகு போய் அதை வாங்கிவந்தார். (நண்பர்கள்தான், ஆனாலும் போட்டி போட்டிதானே.) மூன்று துண்டு வெட்டி வெள்ளைத்தாளில் ஒட்டி, மேலே கரிக்கோலால் திராட்சையும் பழத்தட்டும் கண்ணாடிக் குவளையும் வரைந்தார். மேலே ஒட்டிய தாள் மதுக்கடையின் மரச்சுவர் ஆயிற்று. கீழே ஒட்டியது ஒரு வட்டம் போட்டதும் மேஜை இழுப்பறை ஆயிற்று. நிறம் ஒருபுறம், கோடு ஒருபுறம். இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கவேண்டிய அவசியம் அன்றோடு போயிற்று. அதே ஆண்டு வசந்தத்திலேயே பிக்காஸோ நாற்காலிப் பின்னல் அச்சிட்ட ஆயில் துணியை ஒரு படத்தில் ஒட்டிச் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார். கொலாஜ் என்ற யோசனை அவருடையதே. தாளை வைத்து ஒரு மொழியையே அமைக்க முடியும் என்று காட்டியவர் பிராக். பிக்காஸோ திரும்பிவந்து பார்த்ததும் தானும் கத்தரிக்கோலை எடுத்தார்.

ஆப்பிரிக்கா பற்றிய பேச்சையும் இங்கேதான் எடுக்கவேண்டும். முகமூடிகள் பிக்காஸோவுக்குக் ‘காட்டுச் சக்தி’யைக் கொடுத்தன என்று எழுதுபவர்கள் ஆப்பிரிக்கச் சிற்பியைப் பாராட்டுவதாக நினைத்து அவமதிக்கிறார்கள். 1907இல் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மேல்தோல் மட்டும்: அச்சுறுத்தும் முகம். ஆழமான பாடம் 1912இல் வந்தது. அந்த ஆகஸ்டில் மார்செய்யில் பிக்காஸோ ஒரு கிரேபோ முகமூடி வாங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சிற்பிகள் கண்ணைக் குழியாகச் செதுக்குவதில்லை; வெளியே நீளும் உருளையாக வைப்பார்கள். குழிக்குப் பதிலாக மேடு. ஆனாலும் பார்ப்பவருக்கு அது கண்தான். அதே ஆண்டு பிக்காஸோ அட்டையை வெட்டிச் செய்த ‘கிதா’ரில் ஒலித்துளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். இந்தத் தொடர்பைக் கான்வைலரே எடுத்துச்சொன்னார். கிரேபோ சிற்பி கொடுத்தது ஆவேசமல்ல, அறிவு: ஒரு வடிவம் தான் குறிக்கும் பொருளைப்போல இருக்கவேண்டியதில்லை என்ற அறிவு.

ஐன்ஸ்டைன் சங்கதிக்கு அதிக இடம் வேண்டாம். 1905இல் அவர் கட்டுரை வெளிவந்தது ஜெர்மன் இயற்பியல் இதழில். உலகம் அவர் பெயரை அறிந்தது 1919 சூரிய கிரகணத்துக்குப் பிறகு. இந்த முடிச்சு பரவலானது 1940களில். 1946இல் இதுபற்றி ஒருவர் எழுதிக் கேட்டபோது, கியூபிசத்துக்கும் சார்பியலுக்கும் சம்பந்தமில்லை என்று ஐன்ஸ்டைனே பதில் எழுதினார். நான்காவது பரிமாணம் பற்றிப் பேசிய காப்பீட்டுக் கணக்காளர் மோரிஸ் பிரான்ஸே அந்த வட்டாரத்தில் இருந்தது உண்மை. அவர் பேசியது பத்தொன்பதாம் நூற்றாண்டு வடிவியல்.

இதைவிட வேடிக்கையான குழப்பம் ஒன்று உண்டு. ‘கியூபிசம் என்றால் பொருளைச் சுற்றிவந்து எல்லாப் பக்கத்தையும் ஒரே படத்தில் காட்டுவது’ என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். இது பிக்காஸோ சொன்னதல்ல, பிராக் சொன்னதுமல்ல. ழான் மெட்சிங்கர் என்ற ஓவியர் 1910, 1911இல் எழுதிய கட்டுரைகளில் இருந்து வந்தது. 1911 வசந்தத்தில் சுயேச்சையாளர் சலோனின் 41ஆம் அறையில் மெட்சிங்கர், கிளேஸ், லெஜே, தெலோனே, லு ஃபோகோனியே ஆகியோரின் படங்கள் சேர்ந்து தொங்கின. பாரிஸ் மக்கள் கியூபிசம் என்று பார்த்துக் கொதித்தது அந்த அறையைத்தான். அங்கே பிக்காஸோவும் இல்லை, பிராக்கும் இல்லை. அவர்களுடைய படங்களைக் கான்வைலர் தன் கடையிலேயே வைத்து மாஸ்கோவின் ஷ்சூகின், பிராகாவின் கிராமார்ஷ் போன்ற சிலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். அதனால் அவர்களுக்குச் சலோன் தேவைப்படவில்லை. மேதைக் கதை இந்த 41ஆம் அறைக்காரர்களைக் காப்பியடித்தவர்கள் என்று ஒதுக்குகிறது. ஒதுக்கிவிட்டு, அவர்களில் ஒருவர் எழுதிய விளக்கத்தை எடுத்து மேதைகளின் படத்துக்கு ஒட்டுகிறது. ‘போர்த்துக்கீசிய’ரின் முன்னால் நின்று கிதாரின் பின்புறத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அங்கே இருப்பது சுற்றிப்பார்த்த பொருளல்ல. ஒரு வளைவு, ஒரு துளை, நாலு கம்பி ஆகிய குறிகளை வைத்து எவ்வளவு குறைவாகச் சொல்லலாம் என்ற சோதனை.

அப்படியானால் பிராக்தான் உண்மையான மேதை என்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. ஒரு சிலையை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் இன்னொன்றை ஏற்றுவதில் எனக்கு ஆர்வமில்லை. 1909 கோடையில் ஸ்பெயினின் ஒர்த்தா கிராமத்தில் பிக்காஸோ வரைந்தவை இல்லாமல், அவர் செய்த, காதலி ஃபெர்னாந்தின் வெண்கலத் தலை இல்லாமல், அட்டைக் ‘கிதார்’ இல்லாமல் கியூபிசம் பாதிதான். 1989இல் அதே நியூயார்க் அருங்காட்சியகம் இருவர் படைப்புகளையும் கால வரிசையில் அக்கம்பக்கமாக மாட்டிக்காட்டியது. வீட்டுக்குள்ளேயே திருத்தம் நடந்துவிட்டது. பாடநூல்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச்சேரவில்லை.

ஒருவர் சொத்தா, கூட்டு வேலையா என்ற வழக்கில் எனக்கு வலுவான சாட்சி 1914. ஆகஸ்ட் தொடக்கத்தில் போருக்கு அழைக்கப்பட்ட பிராக்கையும் தெரேனையும் பிக்காஸோ அவின்யோன் ரயில் நிலையத்தில் வழியனுப்பினார். 1915இல் பிராக் தலையில் குண்டுக்காயம் பட்டு, மண்டையோட்டில் துளையிட்டுச் சிகிச்சை பெற்றார். ஜெர்மானியரான கான்வைலரின் சரக்கை எதிரிச் சொத்து என்று பிரெஞ்சு அரசு பறிமுதல் செய்து, பின்னர் 1921 முதல் 1923 வரை ஏலத்தில் மலிவாகக் கொட்டியது. அந்த ஏலத்தை நடத்த உதவிய வியாபாரி லெயோன்ஸ் ரோசன்பர்க்கைப் பிராக் ஏலக்கூடத்திலேயே அடித்தார். கியூபிசம் பிக்காஸோ ஒருவருக்குள்ளிருந்து ஊறியது என்றால் 1914க்குப் பிறகும் அதே வேகத்தில் ஊறியிருக்கவேண்டும். நடந்தது வேறு. 1915இலேயே அவர் பழைய மரபு ஓவியர் ஆங்க்ர் பாணியில் வழவழப்பான பென்சில் உருவப்படங்கள் வரையத் தொடங்கினார். கியூபிசத்தை விடவில்லை, நல்ல படங்களும் செய்தார். ஆனால் அது அவருடைய பல சட்டைகளில் ஒன்றாயிற்று. 1917இன் தொடக்கத்தில் அவர் ரோமில் ரஷ்ய பாலே குழுவின் ‘பராத்’ நாட்டியத்துக்கு உடைகள் அமைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நடனக்காரர்களுக்குக் கியூபிசம் நிஜமாகவே ஆளைவிட உயரமான சட்டையாகி மேடையேறியது. அதே ஆண்டு காயம் ஆறித் தூரிகையை மீண்டும் எடுத்த பிராக் நெருங்கிப் பழகியது உவான் கிரிஸுடனும் சிற்பி லோரான்ஸுடனும். போர் ஆண்டுகளில் கியூபிசத்தை விடாமல் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களில் கிரிஸ் அப்போதும் குடியிருந்தது பாத்தோ-லவ்வாரில்.